நாலாயிரம் மண் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்தால் மண் வரைபடம் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மூன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், ஒரு கல்லூரி, ஒரு தொண்டு நிறுவனம் ஆகிய ஐந்து இடங்களில் பத்துப் பன்னிரண்டு வருடத்து மண் பரிசோதனை முடிவுகள் சுமார் நாலாயிரம் இருக்கின்றன. அவற்றை ஒரே தரவுத்தளமாக்கி டிஜிட்டல் மண் வரைபடம் போட வேண்டும். அதற்கு எந்த மென்பொருள், எந்த மாடல், எத்தனை மாதிரி போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளுக்குப் பதில் சுலபம். தரவுத்தளத்துக்கு போஸ்ட்ஜிஐஎஸ், படம் பார்க்க கியூஜிஐஎஸ், கணக்குக்கு ஆர் மொழி. மூன்றும் இலவசம், மூன்றுக்கும் பழகியவர்கள் கிடைப்பார்கள். ஆனால் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. வேறு வேறு கைகள் எடுத்து, வேறு வேறு கூடங்களில் பார்த்த எண்களை ஒரே பட்டியலில் வைத்து நம்பலாமா என்பது அது. மண் ஆய்வுக் களத்திலும் பரிசோதனைக் கூடத்திலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த அனுபவத்தில் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

டிஜிட்டல் மண் வரைபடம் எப்படி உருவாகிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். மழையும் வெப்பமும், செடிகொடிகளும் உயிர்களும், மேடு பள்ளம், தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன என்று மண் விஞ்ஞானி ஹான்ஸ் ஜென்னி 1941இல் ஒரு சமன்பாடாக எழுதினார். 2003இல் இன்னொரு மண் விஞ்ஞானியான மெக்பிராட்னியும் அவருடைய சகாக்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். இந்தக் காரணிகளும், ஏற்கெனவே தெரிந்த மண் தகவலும், இருக்கும் இடமும் தெரிந்தால் பார்க்காத இடத்து மண்ணையும் கணிக்கலாம் என்பது அவர்கள் வாதம். செயற்கைக்கோள் படம், உயர வரைபடம், பாறை வரைபடம், மழை அளவு எல்லாம் ஊர் முழுக்கக் கிடைக்கின்றன. மண் எண்கள் மட்டும் சில புள்ளிகளில்தான் இருக்கின்றன. அந்தப் புள்ளிகளில் இரண்டுக்கும் உள்ள உறவை ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற ஒரு கணினி மாடல் கற்றுக்கொண்டு மற்ற இடங்களை நிரப்புகிறது. ஆக, புள்ளி இருக்கும் இடம் தவறினாலோ, அந்தப் புள்ளியின் எண் வேறு முறையில் வந்திருந்தாலோ, மாடல் அந்தத் தவறையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது.

இடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் அதிகமாகக் கெடுகிறது. ஜிபிஎஸ் கருவியில் 11 டிகிரி 30 நிமிடம் என்று பார்த்தவர் தாளில் 11.30 என்று எழுதுவார். எக்செலில் ஏற்றுபவர் அதைத் தசமம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம் என்பதால் உண்மையில் அது 11.50. இப்படித்தான் சத்தியமங்கலத்து வயல் ஒன்று இருபது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து, வேறொரு ஊரில் போய் உட்காரும். அங்கேயும் வயல்தான் இருக்கிறது என்பதால் வரைபடத்தில் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கோப்பில் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்கள் ஒரு முறைகூட 59ஐத் தாண்டவில்லை என்றால், அவை நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். இரண்டே தசம இலக்கம் கொண்ட எண் என்றால் அதன் துல்லியம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். பழைய டோப்போ ஷீட்டிலிருந்து, அதாவது நில அளவைத் துறையின் வரைபடத் தாளிலிருந்து எடுத்த புள்ளிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இடக்குறிப்பைக் கணக்கிட அந்தத் தாள்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை எவரெஸ்ட் ஆதாரம், ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அடிப்படை. மாற்றாமல் போட்டால் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். அப்புறம், பத்துப் பதினைந்து மாதிரிகளுக்கு அச்சு அசலாக ஒரே இடக்குறிப்பு இருந்தால், அது பெரும்பாலும் கிராமத்தின் மையமாகவோ மாதிரியைப் பதிவு செய்த அலுவலகமாகவோ இருக்கும். இவை எதையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், இடம் எப்படித் தெரிந்தது, எத்தனை மீட்டர் வரை தவறலாம் என்று ஒரு கட்டம் வையுங்கள். சர்வே எண் இருந்தால் அதையும் எழுதுங்கள்; இடக்குறிப்பு தவறிப்போனால் வயலைத் திரும்பக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

அடுத்தது ஆழம். விவசாயிக்கு அரசு தரும் மண் வள அட்டைக்கு எடுப்பது மேல் 15 முதல் 20 செ.மீ. வரை. தென்னந்தோப்புக்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் 30, 60, 90 செ.மீ. ஆழத்து மண். கல்லூரி மாணவர்கள் குழி வெட்டியிருந்தால் 0–18, 18–42 என்று மண்ணின் சொந்த அடுக்குப்படி எழுதியிருப்பார்கள். கோப்பில் எல்லாம் ‘மண்’ என்ற ஒரே தலைப்பில் வரும். சுண்ணாம்பு ஓடும் கரிசலில் அரை மீட்டர் கீழே போனால் பிஎச்சே (அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) வேறு, இதைக் கலந்தால் குழப்பம்தான். உலக அளவில் 0–5, 5–15, 15–30, 30–60, 60–100, 100–200 செ.மீ. என்று ஆறு அடுக்குகளை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுக்குவாரியாக அளந்த குழிகளை இந்த ஆழங்களுக்கு மாற்ற நல்ல கணக்கு முறைகள் உண்டு. ஆனால் மேல்மண் மட்டும் இருக்கும் மாதிரியிலிருந்து அடிமண்ணை எந்தக் கணக்கும் வரவழைக்காது. ஆழம் எழுதாத முடிவுகளை ‘ஆழம் தெரியாது’ என்றே பதியுங்கள். பழக்கத்தில் 0–15 என்று நிரப்பிவிடாதீர்கள்.

இப்போது பரிசோதனை முறைக்கு வருகிறேன். நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அங்ககக் கரிமத்தை, அதாவது மக்கிய செடி, உயிர்ப்பொருளில் இருக்கும் கரிமத்தை, நம் கூடங்களில் பெரும்பாலும் வாக்லி–பிளாக் முறையில் பார்க்கிறார்கள். 1934இல் வந்த முறை. அது மண்ணில் இருக்கும் கரிமம் முழுவதையும் எரிப்பதில்லை, சராசரியாக 77 சதவீதம்தான் எரிகிறது என்று வைத்துக்கொண்டு முடிவை 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். சில கூடங்கள் பெருக்கும், சில கூடங்கள் பெருக்காது, அறிக்கையில் இரண்டுமே ‘அங்ககக் கரிமம்’ என்றுதான் இருக்கும். பெருக்காத கூடத்தில் 0.45 சதவீதம் என்று வரும் மண், பெருக்கும் கூடத்தில் 0.58க்கு மேல். நம் அட்டையில் 0.5க்குக் கீழே ‘குறைவு’, மேலே ‘நடுத்தரம்’. ஒரே வயல், இரண்டு தீர்ப்பு. சில அறிக்கைகள் கரிமத்தை விட்டுவிட்டு அங்ககப் பொருள் என்று தரும். அது கரிமத்தை 1.724 ஆல் பெருக்கியது. ஒரு முறை எங்கள் குழு போட்ட கரிம வரைபடத்தில் ஒரு தாலுகா எல்லையை ஒட்டி நிறம் சட்டென்று மாறியது. பாறை மாறுகிறதா, பாசனம் மாறுகிறதா என்று பல நாள் தேடினோம். கடைசியில், எல்லைக்கு இந்தப் பக்கத்து மாதிரிகள் ஒரு கூடத்துக்கும் அந்தப் பக்கத்து மாதிரிகள் இன்னொரு கூடத்துக்கும் போயிருந்தது தெரிந்தது. நாங்கள் வரைந்திருந்தது இரண்டு கூடங்களின் எல்லையை.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இன்னும் கடினம். நடுநிலை, கார மண்ணுக்கு ஓல்சன் முறை. நீலகிரி போன்ற அமில மண்ணுக்கு பிரே முறை. இரண்டும் மண்ணிலிருந்து வேறு வேறு பங்கைக் கரைத்தெடுக்கின்றன. ஒன்றை மற்றொன்றாக்க எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஒரு பெருக்கெண் கிடையாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மண்ணில் ஐம்பது அறுபது மாதிரிகளை இரண்டு முறையிலும் பார்த்து உறவைக் கண்டுபிடித்தால் அது உங்கள் வட்டாரத்துக்கு மட்டும் பயன்படும். அதற்கு மேல் அலகுச் சிக்கல். மணிச்சத்தைத் தனிமமாகச் சொன்னால் ஒரு எண், பாஸ்பரஸ் பென்டாக்சைடாகச் சொன்னால் அதைப்போல் 2.29 மடங்கு. ஹெக்டேருக்குச் சொன்னால் ஒன்று, ஏக்கருக்குச் சொன்னால் 2.47 ஆல் வகுத்தது. ஹெக்டேருக்குத் தனிமமாக 10 கிலோ என்பது, ஏக்கருக்கு ஆக்சைடாகச் சொன்னால் 9.3 கிலோ. இரண்டும் அருகருகே இருப்பதால் கலந்துவிட்டாலும் கண்ணில் படாது. ஒன்றில் ஆக்சைடு, ஒன்றில் தனிமம், இரண்டும் ஹெக்டேருக்கு என்று கலந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். சாம்பல் சத்துக்கும் (பொட்டாசியம்) இதே கதை, அங்கே பெருக்கெண் 1.2. தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஒரு எச்சரிக்கை: சில கூடங்கள் அதை அளக்காமல் கரிமத்திலிருந்து கணக்கிட்டு எழுதுகின்றன. தழைச்சத்தையும் கரிமத்தையும் ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளாகப் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வரிசையாக நின்றால் அங்கே ஒரே ஒரு அளவீடுதான் நடந்திருக்கிறது.

மண் நயமும், அதாவது களி, வண்டல், மணல் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதும், அப்படித்தான். சர்வதேச முறையில் வண்டல் என்பது 0.002 முதல் 0.02 மி.மீ. வரை, அமெரிக்க வேளாண் துறை முறையில் 0.05 மி.மீ. வரை. களி இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வண்டலும் மணலும் இடம் மாறிவிடும். பிஎச் நம்மிடம் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர். வெளிநாட்டுத் தரவில் ஒன்றுக்கு ஐந்து, கால்சியம் குளோரைடு கரைசல் என்றெல்லாம் இருக்கும். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனில் டெசிசீமன்ஸும் மைக்ரோசீமன்ஸும் கலந்தால் ஆயிரம் மடங்கு தவறும், அது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் தரவுத்தளத்தின் அமைப்பு இதிலிருந்துதான் வர வேண்டும் என்பது. ஒரு வயலுக்கு ஒரு வரி, பக்கவாட்டில் பிஎச், கரிமம், மணிச்சத்து என்று நீளும் எக்செல் தாள் போதாது. நான்கு அட்டவணைகள் வையுங்கள்: இடம், அந்த இடத்தின் அடுக்கு அல்லது ஆழம், அந்த ஆழத்தில் எடுத்த மாதிரி, அந்த மாதிரியின் ஒவ்வொரு அளவீடும் தனித்தனி வரியாக. அளவீட்டு வரியில் எண்ணோடு அலகு, முறை, கூடம், தேதி நான்கும் இருக்கட்டும். மிக முக்கியம், அறிக்கையில் இருந்த எண் அறிக்கையில் இருந்தபடியே ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். திருத்தியதும் மாற்றியதும் வேறு கட்டத்தில், எந்த விதிப்படி மாற்றினீர்கள் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். நெதர்லாந்தில் வாகனிங்கனில் இருக்கும் உலக மண் தகவல் மையமான இஸ்ரிக், தன் வோசிஸ் தரவுத்தளத்தை இந்தக் கொள்கைப்படிதான் நடத்துகிறது. 2019இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 173 நாடுகளின் 1,96,498 மண் குழிகள் இருந்தன. அவ்வளவு பேரின் எண்களை அவர்களால் ஒன்றாக வைக்க முடிவதற்குக் காரணம், மூல எண்ணை அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போனதுதான். நாளைக்கு நல்ல மாற்று விதி வந்தால் மூலத்திலிருந்து திரும்பக் கணக்கிடலாம். மூலத்தை அழித்துவிட்டால் முடிந்தது. இன்னொன்று: அளக்காததற்குப் பூஜ்யம் போடாதீர்கள். அளக்கவில்லை, அளந்தும் கருவிக்கு எட்டவில்லை, உண்மையாகவே பூஜ்யம் என்ற மூன்றும் மூன்று விஷயங்கள்.

உங்கள் நாலாயிரத்தில் மண் வள அட்டைகள் எத்தனை என்று நீங்கள் சொல்லவில்லை, கணிசமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2015 பிப்ரவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் முதல் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தது. கட்டத்துக்குள் இருக்கும் எல்லா விவசாயிகளுக்கும் அதே முடிவுதான் அட்டையாகப் போனது. ஆகவே ஐந்து அட்டைகள் என்பது ஐந்து மாதிரிகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அட்டையில் இருக்கும் பன்னிரண்டு எண்களும் அப்படியே ஒத்துப்போகும் வரிகளைத் தேடி ஒரே மாதிரியாக இணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மாடலைச் சோதிக்கும்போது, ஒரே மண்ணின் ஒரு நகல் பாடத்திலும் இன்னொரு நகல் தேர்விலும் இருக்கும். மதிப்பெண் அபாரமாக வரும், வரைபடம் மோசமாக இருக்கும். இணைத்து முடித்ததும் உங்கள் நாலாயிரம் பாதியாகக் குறைந்தாலும் மனம் தளராதீர்கள். அந்த அட்டையில் பிஎச், மின்கடத்துதிறன், கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் உண்டு. களி–வண்டல்–மணல் விகிதமும், மண்ணின் ஆழமும், சுண்ணாம்பின் அளவும் கிடையாது. என்னைக் கேட்டால் வரைபடத்துக்கு மிகவும் தேவையானவை அந்த மூன்றும்தான். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளிலும், மாநில மண் ஆய்வுத் துறையின் பழைய அறிக்கைகளிலும் இருகூர், பெரியநாயக்கன்பாளையம் போன்ற மண் தொடர்களின் (ஊர்ப் பெயரில் வகுத்த மண் வகைகளின்) குழி விவரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தட்டச்சு செய்யச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒழுங்காக விவரித்த நூறு குழிகளை, மேல்மண் மட்டும் இருக்கும் ஆயிரம் வரிகளுக்கு நான் மாற்றிக்கொடுக்க மாட்டேன்.

எதை வரைபடமாக்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நயம், ஆழம், பிஎச், சுண்ணாம்பு ஆகியவை பாறையையும் சரிவையும் பின்பற்றுபவை. இவை சரியாக வரும், முப்பது வருடப் பழைய எண்ணும் பெரும்பாலும் உதவும். கரிமம் ஓரளவுக்கு வரும், ஆனால் வருடம் முக்கியம். 1990களின் எண்ணையும் போன வருடத்து எண்ணையும் ஒரே படத்தில் போடக் கூடாது. கிடைக்கும் மணிச்சத்து, தழைச்சத்து ஆகியவற்றை வயல் அளவில் செயற்கைக்கோளை வைத்து வரைய முயலாதீர்கள். அவை மண்ணைவிட அந்த விவசாயியின் உர மூட்டையைத்தான் சொல்கின்றன. அதே போல, ஏரி வண்டல் அடித்த வயலும் அடிக்காத பக்கத்து வயலும் உயர வரைபடத்தில் ஒன்றேதான், மண்ணில் வேறு. மாதிரி எடுக்கும்போதே ‘வண்டல் அடித்தீர்களா, எந்த வருடம்’ என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கோவைப் பக்கம் கரிசலும் செம்மண்ணும் மேடு பள்ளத்தை ஓரளவு பின்பற்றுவதால் உங்களுக்கு வாய்ப்பு நல்லது. இதே வேலையைச் சமதளமான காவிரிப் படுகையில் செய்பவருக்கு உயர வரைபடம் இவ்வளவு உதவாது.

எத்தனை மாதிரி போதும் என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. எண்ணிக்கையைவிடப் பரவல்தான் கணக்கு. தானாக மண் கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் பாசன வசதி உள்ளவர் அல்லது பயிரில் பிரச்சினை வந்தவர். மானாவாரிப் புஞ்சையும் மேய்ச்சல் நிலமும் உங்கள் பட்டியலில் அநேகமாக இருக்காது. மழை, உயரம், பாறை, தாவரப் பசுமை ஒவ்வொன்றிலும் உங்கள் புள்ளிகள் எந்த எல்லைக்குள் நிற்கின்றன என்று முதலில் பாருங்கள். விட்டுப்போன பகுதிகளில் நூறு நூற்றைம்பது புது மாதிரிகள் எடுத்தால் அது இருக்கும் நாலாயிரத்தைவிடப் பலன் தரலாம். எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பகுதியை வரைபடத்தில் வெறுமையாக விடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சாயில்கிரிட்ஸ் உலக வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். அதன் ஒரு சதுரம் 250 மீட்டர், அதாவது 6.25 ஹெக்டேர், தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் சராசரி நிலம் 2015–16 கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர். ஒரு சதுரத்துக்குள் எட்டுப் பேர் நிலம் அடங்கிவிடும். உங்கள் வரைபடம் உங்கள் புள்ளிகளில் அதைவிடத் துல்லியமாக இருக்கிறதா என்பது நேர்மையான முதல் சோதனை.

துல்லியத்தை எப்படி அளப்பது என்பதில் துறைக்குள்ளேயே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அவற்றைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்காக மாடலுக்குக் காட்டாமல் ஒதுக்கிச் சோதித்தால் முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரியும், இது நிச்சயம். அதற்கு மாற்றாக வட்டாரம் வட்டாரமாக ஒதுக்கிச் சோதிப்பது சரியா, அல்லது அது அளவுக்கு மீறி மட்டம் தட்டுகிறதா என்பதில் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகமே இல்லாத வழி ஒன்றுதான்: குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களில் புதிதாக மாதிரி எடுத்துச் சோதிப்பது. ஐம்பது இடமாவது பாருங்கள். எதைச் செய்தாலும், வரைபடத்தோடு கூடவே நிச்சயமின்மை வரைபடத்தையும் கொடுங்கள். ‘பிஎச் 7.8’ என்று மட்டும் சொல்வதும், ‘7.1க்கும் 8.4க்கும் இடையில்’ என்று சொல்வதும் விவசாயிக்கு வேறு வேறு செய்திகள்.

இனி பகிர்வதைப் பற்றி. ஐந்து பேரும் தரவைக் கொடுக்க ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள், ஆனால் எதற்கு ஒத்துக்கொண்டார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். வரைபடம் செய்ய மட்டும் அனுமதியா, புள்ளிகளையும் மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா, பின்னால் விலகினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரிக்கும் உரிமையாளரும் உரிம வகையும் தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். விவசாயியின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் எதுவும் பொதுத் தரவுத்தளத்துக்குள் வரவே கூடாது. அவற்றை மூல நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் நுணுக்கங்களுக்கு ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், நான் மண்ணுக்காரன், அந்த ஆலோசனை என்னிடம் வாங்கக் கூடாது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும்: உவர் நிலம் என்று புள்ளி வைத்து வெளியிட்டால் அந்த நிலத்தின் விலையைப் பேசும்போது அது வந்து நிற்கும். வெளியில் விடும்போது இடக்குறிப்பை மங்கலாக்கியோ, புள்ளிகளை விட்டுவிட்டு வரைபடத்தை மட்டுமோ கொடுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு வேலை சொல்கிறேன். கரிசலிலும் செம்மண்ணிலும் வேறுபட்ட இருபது இடங்களில் தலா ஐந்து கிலோ மேல்மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நன்றாகக் கலந்து, பங்கு பிரித்து, உங்கள் ஐந்து பேரும் பயன்படுத்திய எல்லாக் கூடங்களுக்கும் பெயர் சொல்லாமல் அனுப்புங்கள். ஒரே மண்ணுக்குக் கூடத்துக்குக் கூடம் எவ்வளவு மாறுகிறது என்பது கையில் வரும். எந்தத் தொகுப்புகளை இணைக்கலாம், எதைத் தனியாக வைக்க வேண்டும் என்று அதை வைத்து முடிவெடுங்கள். மீதி மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு கைப்பிடியை எண் ஒட்டிய புட்டியில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1840களிலிருந்து இப்படிச் சேர்த்த மண்ணும் பயிரும் சுமார் மூன்று லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத பரிசோதனைகளை இன்றைக்கு அவற்றில் செய்கிறார்கள். பெரும்பாலான கூடங்கள் பரிசோதனை முடிந்த சில மாதங்களில் மாதிரியைக் கொட்டிவிடும், அதனால் இந்தப் பருவத்து மாதிரிகளைத் திருப்பித் தரச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள்.